காயலான் கடைக்குப் போன வாள்கள்

பரணில் ஒரு பழைய வாள் கிடக்கிறது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்து வாள். துரு ஏறிக் கருத்துப் போயிருக்கிறது. பிடியெல்லாம் ஒட்டடை. பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் வருகிறார். தராசில் வைத்து நிறுக்கிறார். எடைக்குக் காசு கொடுக்கிறார். வாளை மூட்டையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்.

நம் நாட்டில் இப்படிப் போன வாள்கள் எத்தனையோ! ஆனால் சிலர் அவற்றைப் போக விடவில்லை. ஊர் ஊராகத் தேடினார்கள். நாடு நாடாகத் தேடினார்கள். பணம் கொடுத்து வாங்கிச் சேர்த்தார்கள். துருப்பிடித்த வாளில் அப்படி என்ன இருக்கிறது? பார்ப்போம்.

ஹைதராபாத்தில் ஒரு மனிதர்

ஹைதராபாத் நகரில் மூசி ஆறு ஓடுகிறது. அதன் தென்கரையில் சாலார் ஜங் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய கடிகாரம் உண்டு. மணிக்கு ஒரு தடவை சின்னப் பொம்மை ஒன்று வெளியே வந்து மணி அடிக்கும். அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். கடிகாரத்தைப் பார்த்த பிறகு ஆயுதக் கூடத்துக்கும் போக வேண்டும். வாள், குத்துவாள், கேடயம், கவசம் எல்லாம் அங்கே இருக்கின்றன.

இவற்றைச் சேர்த்தவர் மீர் யூசுப் அலிகான். மூன்றாம் சாலார் ஜங் என்பது அவர் பட்டப்பெயர். 1889-ல் பிறந்தவர். 1912-ல் நிஜாம் மன்னரிடம் பிரதம மந்திரி ஆனார். 1914-ல் பதவியை விட்டுவிட்டார். அப்போது அவருக்கு 25 வயது. அதன் பிறகு சுமார் 35 வருடம் அவருக்கு ஒரே வேலைதான். பழைய பொருள்களைச் சேர்ப்பது! இந்தியாவிலிருந்தும் வாங்கினார். ஈரான், சீனா, ஜப்பான், ஐரோப்பா என்று பல தேசங்களிலிருந்தும் வாங்கினார். ஜஹாங்கீர் பாதுஷாவின் குத்துவாள் அவரிடம் இருந்தது. நூர்ஜஹானின் பழம் நறுக்கும் கத்தியும் இருந்தது. பச்சைக் கல்லில் ரத்தினம் பதித்த கத்தி அது. பழம் நறுக்க ரத்தினம் எதற்கு என்று நமக்குத் தோன்றும். அரண்மனை வாழ்க்கை அப்படி.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1949-ல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. இவ்வளவு பொருளும் என்ன ஆகும்? ஏலம் விட்டால் ஒன்று லண்டனுக்குப் போகும். ஒன்று பம்பாய்க்குப் போகும். பிறகு ஒன்றாகப் பார்க்கவே முடியாது. அப்படி நடக்கவில்லை. 1951 டிசம்பர் 16-ல் அவருடைய மாளிகையே அருங்காட்சியகம் ஆனது. பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1968-ல் இப்போதுள்ள கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

ஊருக்கு ஒரு வாள்

எல்லா நாட்டு வாளும் ஒரே மாதிரி இருக்காது. வடஇந்தியாவின் தல்வார் லேசாக வளைந்திருக்கும். ஈரானின் ஷம்ஷீர் பிறை நிலாப்போல நன்றாக வளைந்திருக்கும். குதிரையில் போகிறவர் வீசி அறுக்க அந்த வளைவு உதவும். ஜாவாவின் கிரிஸ்களில் பல பாம்பு நெளிவதுபோல நெளிந்திருக்கும். நம் கட்டாரியைக் கைமுட்டியில் பிடித்துக் குத்த வேண்டும். குறுக்குக் கம்பிதான் அதற்குப் பிடி.

ஜப்பான் வாளில் ஒரு விசேஷம் உண்டு. செய்த கொல்லர் தன் பெயரை வாளிலேயே வெட்டி வைப்பார். எங்கே? பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில். பிடியைக் கழற்றினால்தான் பெயர் தெரியும். அந்தக் காம்பில் துரு ஏறியிருக்கும். அந்தத் துருவை யாரும் துடைக்க மாட்டார்கள். துருவின் நிறத்தைப் பார்த்தே வாளின் வயதைக் கணிப்பார்கள்.

நம் நாட்டில் பரங்கி வாள் என்று ஒன்று உண்டு. அலகு ஐரோப்பாவில் செய்தது. கப்பலில் இங்கே வந்தது. பிடி மட்டும் இங்கே போட்டது. மராட்டியரும் தக்காணத்துச் சுல்தான்களின் படைவீரரும் இதை விரும்பி வைத்திருந்தார்கள். ஐரோப்பாவின் அலகு இங்கே வந்தது. இங்கிருந்து எது வெளியே போனது? அதுதான் பெரிய கதை.

மூசையில் பிறந்த உருக்கு

தெலங்கானாவில் நிஜாமாபாத் மாவட்டம் இருக்கிறது. அங்கே கோனசமுத்திரம் என்று ஓர் ஊர். 200 வருடத்துக்கு முன்பு அங்கே உருக்கு செய்தார்கள். அதை வாங்க ஈரானிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். கடல் தாண்டி, மலை தாண்டி, ஒரு கிராமத்துக்கு! உருக்குக் கட்டியை எடை போடும்போது அவர்களே பக்கத்தில் நின்றார்கள். 1820-ஐ ஒட்டிய வருடங்களில் அங்கே போன ஓர் ஆங்கிலேய மருத்துவர் இதைப் பார்த்து எழுதி வைத்தார்.

தென்னிந்தியாவில் பல ஊர்களில் இந்தத் தொழில் நடந்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தோண்டியபோதும் பழங்காலத்து உலைகளும் மூசைகளும் கிடைத்தன.

எப்படிச் செய்தார்கள்? களிமண்ணில் உமி கலந்து சின்ன மூசை செய்வார்கள். தட்டார் பொன் உருக்குவாரே, அதுபோன்ற மூசை. அதற்குள் இரும்புத் துண்டைப் போடுவார்கள். கூடவே ஆவாரங்குச்சி போடுவார்கள். மேலே எருக்கிலை வைப்பார்கள். மூசையின் வாயை மண்ணால் அடைப்பார்கள். பல மூசைகளை உலையில் அடுக்குவார்கள். கரியைப் போட்டுத் துருத்தி ஊதுவார்கள். மணிக்கணக்கில் ஊத வேண்டும். உள்ளே குச்சியும் இலையும் கரியாகும். கரி இரும்பில் ஏறும். கரி ஏறிய இரும்பு உருகும். பிறகு மெதுவாக ஆற விடுவார்கள். மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி இருக்கும்.

இதில் கரி எவ்வளவு? நூறு பங்கில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. குறைந்தால் இரும்பு மெதுவாகிவிடும். கூடினால் அடிக்கும்போது உடைந்துவிடும். அந்தக் கொல்லரிடம் அளவுக்கருவி எதுவும் இல்லை. கண்ணும் கையும் அனுபவமும்தான் இருந்தன.

இந்தக் கட்டியை ஈரானிலும் சிரியாவிலும் அடித்து வாள் செய்தார்கள். நம் நாட்டிலும் செய்தார்கள். லேசான அமிலம் தடவினால் அலகில் ஒரு கோலம் தெரியும். ஓடும் தண்ணீரில் அலை தெரிவது போல இருக்கும். யாரும் வரைந்த கோலம் அல்ல அது. இரும்புக்குள்ளேயே இருப்பது. ஐரோப்பியர் அதற்கு டமாஸ்கஸ் வாள் என்று பெயர் வைத்தார்கள். டமாஸ்கஸ் என்பது சிரியாவில் உள்ள நகரம். இரும்பு நம்முடையது, பெயர் இன்னோர் ஊருடையது! நம் உருக்குக் கட்டியை ஆங்கிலத்தில் வூட்ஸ் என்றார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் உருக்குக்கு உக்கு என்று பெயர். அதுவே வூட்ஸ் ஆனது என்று சொல்வார்கள்.

இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். மின்சாரம் பற்றிப் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தவர். அவர் ஒரு கொல்லரின் மகன். அதிகம் படிக்கவில்லை. சிறுவயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்துத்தான் அறிவு வளர்த்தார். அவர் 1819-ல் நம் வூட்ஸ் உருக்கை எடுத்து ஆராய்ந்தார். முழு ரகசியம் அவருக்கும் பிடிபடவில்லை.

பிறகு ஆங்கிலேய ஆட்சியில் இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து இறங்கியது. காட்டில் விறகு வெட்டக் கட்டுப்பாடு வந்தது. வாளுக்கும் தேவை குறைந்தது. உலைகள் அணைந்தன. கொல்லர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். செய்முறையை அவர்கள் எழுதி வைத்திருக்கவில்லை. கையோடு வந்த வித்தை கையோடு போய்விட்டது.

அப்படியானால் பின்னால் வந்தவர்கள் எப்படி அறிந்தார்கள்? வாளைச் சேர்த்தவர்கள்தான் உதவினார்கள். சுவிட்சர்லாந்தில் ஹென்ரி மோசர் என்று ஒருவர் இருந்தார். கிழக்கு நாட்டு ஆயுதங்களைச் சேர்த்தவர். தன் சேகரிப்பைப் பெர்ன் நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சில பழைய டமாஸ்கஸ் வாள்களை வெட்டி ஆராயவும் கொடுத்தார். ஆசையாகச் சேர்த்த பொருளை வெட்டக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்த ஆராய்ச்சி 1924-ல் வெளியானது. மிச்சத் துண்டுகள் பத்திரமாக இருந்தன. பல வருடம் கழித்து அவை அமெரிக்காவுக்குப் போயின. அங்கே ஜான் வெர்ஹோவன் என்ற பேராசிரியர் அவற்றை ஆராய்ந்தார். ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லர் உலையில் செய்து பார்த்தார். பேராசிரியரும் கொல்லரும் கூட்டாளிகள்! 1990-களில் அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். இரும்பில் வனேடியம் போன்ற வேறு உலோகங்கள் மிக மிகச் சிறிதளவு கலந்திருந்தால்தான் அந்தக் கோலம் வரும். எந்த ஊர் மண்ணிலிருந்து இரும்பு எடுத்தார்கள் என்பதும் முக்கியம் என்று அப்போது புரிந்தது.

அந்த வாள்களையும் காயலான் கடையில் போட்டிருந்தால்?

தஞ்சாவூர்க் கிடங்கு

அப்படிப் போட்டதும் உண்டு. 1857-ல் பெரும் கிளர்ச்சி நடந்தது. அதன் பிறகு ஆங்கிலேயர் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். அவத் பகுதியில் மட்டும் லட்சக்கணக்கான வாள்களை வாங்கிவிட்டார்கள்.

தஞ்சாவூரில் 1855-ல் மராட்டிய மன்னர் சிவாஜி இறந்தார். ஆண் வாரிசு இல்லை என்று கும்பினி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனையில் பெரிய ஆயுதக் கிடங்கு இருந்தது. நாயக்கர் காலத்து ஆயுதங்களும் அதில் இருந்தன. 1860-களில் கிடங்கைக் கலைத்தார்கள். நல்லவை என்று பொறுக்கியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மீதி பெரும்பகுதியை உடைத்தார்கள். பழைய உலோகமாக விற்றார்கள். உடைத்தவற்றில் என்னென்ன இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சில தப்பின. அமெரிக்காவில் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்று ஓர் உலோகப் பொறியாளர் இருந்தார். உலகத்து ஆயுதங்களையெல்லாம் சேர்த்தவர். 1934-ல் அவற்றைப் பற்றி அகராதி போல ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் இறந்தார். தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அதில் தஞ்சாவூர்க் கட்டாரிகளும் இருக்கின்றன. தஞ்சாவூர்க்காரர் அவற்றைப் பார்க்க நியூயார்க் போக வேண்டும். நல்லவேளை, எழும்பூரிலும் கொஞ்சம் இருக்கின்றன.

தேய்க்காதீர்கள்

பழைய வாள் கையில் கிடைத்தால் நாம் முதலில் என்ன செய்வோம்? செங்கல் பொடி போட்டுத் தேய்ப்போம். புளி போட்டு ஊற வைப்போம். உப்புத்தாள் வைத்துச் சுரண்டுவோம். வாள் பளபளக்கும். ஆனால் அலைக் கோலம் போய்விடும். பெயரும் முத்திரையும் தேய்ந்து போகும். வாளின் கதையே அழிந்துவிடும்.

சேகரிப்பவர்கள் அப்படிச் செய்வதில்லை. அலகைக் கையால் தொடவே மாட்டார்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. தொட்ட இடத்தில் துரு பிடிக்கும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவுவார்கள். தோல் உறைக்குள் போட்டு வைக்க மாட்டார்கள். தோல் ஈரத்தை இழுக்கும்.

போலி வாளும் உண்டு. இன்று செய்த வாளில் அமிலம் ஊற்றிப் பழசு போலக் காட்டுவார்கள். புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பொய்யாக வெட்டுவார்கள். இது இன்றைய திருட்டு மட்டும் அல்ல. ஆந்திரேயா ஃபெராரா என்பவர் இத்தாலி நாட்டுக் கொல்லர். 400 வருடத்துக்கு முன்பு இருந்தவர். அவர் பெயரை ஐரோப்பாவில் பலர் தங்கள் வாள்களில் வெட்டிக்கொண்டார்கள். பெயரைப் பார்த்து மட்டும் வாங்குகிறவர் ஏமாறுவார்.

விலையும் சட்டமும்

திப்பு சுல்தான் 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்தார். அவர் படுக்கையறையில் இருந்த வாளை வெள்ளைக்காரப் படை எடுத்தது. பெயர்ட் என்ற தளபதிக்கு அதைக் கொடுத்தார்கள். 2023 மே மாதம் லண்டனில் அந்த வாளை ஏலம் விட்டார்கள். விலை 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல். நம் பணத்தில் சுமார் 140 கோடி ரூபாய்!

எல்லாப் பழைய வாளுக்கும் இந்த விலை வராது. திப்புவின் பெயருக்குத்தான் அந்த விலை. ஆனால் இதைக் கேட்டுச் சிலர் பழைய பொருளைத் திருட்டுத்தனமாக வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். அது குற்றம். 1972-ல் தொல்பொருள் சட்டம் வந்தது. 100 வருடத்துக்கு மேல் பழமையான தொல்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

இன்னொரு சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. புதையல் சட்டம் என்று பெயர். கிணறு வெட்டும்போதோ உழும்போதோ மண்ணுக்குள்ளிருந்து பழைய பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லலாம். வாயால் சொன்னால் போதாது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த நாளில் கிடைத்தது, எந்த நிலத்தில் கிடைத்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது, பக்கத்தில் பானை ஓடு ஏதும் இருந்ததா என்றெல்லாம் எழுதுங்கள். ஆராய்ச்சி செய்கிறவருக்கு வாளைவிட இந்த விவரம் பெரிது. கையெழுத்துப் போடுங்கள். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.