பத்து வெள்ளி புகட்டும் பாடம்

தலைமைப் பண்பு என்றவுடன் போர்க்களங்களும் பேரரசுகளும் நம் நினைவிற்கு வருகின்றன. தோட்டப்புறத்தில் வாழும் நமக்கோ, நம் லயங்களைத் தேடி வந்து பாடம் புகட்டிய தலைவர் ஒருவர் உண்டு. காப்பாரிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்வோர் பலர் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயர் தாங்கிய சாலையில் நடந்திருப்பர். அவரே துன் வீ. தி. சம்பந்தன்.

1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார், அமைச்சராகவும் பணியாற்றினார். எனினும், நாம் இங்குக் கற்கவிருப்பது அவருடைய பதவிகளை அன்று, செயலை.

1950களில் பெருந்தோட்டங்கள் பல கைமாறின. வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு மீண்டும் விற்றனர். இதுவே துண்டாடல் எனப்பட்டது. தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலை போகும். வேலையோடு குடியிருக்கும் வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளியும் நிலைகுலையும். அந்நாளில் துன் சம்பந்தன் ஆற்றிய பணியிலிருந்து மூன்று பாடங்களைப் பெறுகிறோம்.

முதலாவது, குறை கூறுவதோடு நில்லாமல் வழி காண்பது. பிறர் விற்கும் தோட்டத்தைத் தொழிலாளர்களே கூடி வாங்கினால் என்ன என்ற எண்ணம் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமாக உருப்பெற்றது.

இரண்டாவது, மக்களிடம் தாமே செல்வது. அமைச்சராக இருந்தும் அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்து வெள்ளி செலுத்திச் சேருமாறு தொழிலாளர்களை வேண்டினார். பால்மரம் வெட்டி வாழ்ந்தோர்க்கு அஃது அன்று சிறு தொகையன்று. முகம் கண்டு பேசியதாலேயே நம்பிக்கை பிறந்தது.

மூன்றாவது, சொன்னதைச் செய்து காட்டுவது. 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. கூலிக்கு உழைத்தவர்கள் பங்குதாரர்களாயினர்.

எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காக்க இயலவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், 1979இல் துன் சம்பந்தன் மறைந்த பின்னரும் அச்சங்கம் நிலைத்து நிற்கிறது. தலைவர் போன பின்னும் நிற்பதே நல்ல தலைமையின் அடையாளம்.

காப்பார் வட்டாரத்திலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறியுள்ளதை நாம் காண்கிறோம். மாற்றம் வரும்போது தனித்தனியே கலங்குவதா, முன்கூட்டியே ஒன்றுகூடிச் சேமிப்பதா என்பது இன்றும் நம்முன் நிற்கும் வினா.

கலந்துரையாடுக:
1. நம் தோட்டத்தில் கூடிச் செய்தால் தீரக்கூடிய குறை யாது?
2. அதற்கு முதற்பங்கை நம்மில் யார் செலுத்துவது?