ஜாலஹள்ளி வால்வும் இரும்பு மையமும்

வால்வு ஆம்ப்ளிஃபையரின் இனிமை முழுவதும் கண்ணாடிக் குழாய்க்குள்ளே, அதிலும் ஐரோப்பிய முத்திரை பதித்த குழாய்க்குள்ளே, அடங்கியிருக்கிறது என்னும் நம்பிக்கை பெங்களூரிலும் உலவுவது வருத்தத்துக்குரியது. ஏனெனில் அந்நகரின் ஜாலஹள்ளிப் பகுதியில், 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வால்வுகளைத் தயாரித்தது. அதன் இஎல்84 வால்வைத் தேடி வாங்குவோர் இன்றும் வெளிநாடுகளில் உண்டு.

பென்டோடு எனப்படும் ஐந்து மின்முனை வகையைச் சேர்ந்த இந்த ஒன்பது ஊசி வால்வு, 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் இழுத்து, அவ்வாறு பெறும் 12 வாட்டில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே ஒலியாக்கித் தருகிறது. அதுவும், ஏறத்தாழ 5,200 ஓம் சுமையை எதிர்பார்க்கும் வால்வை 8 ஓம் ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் செம்மையாக அமைந்தால்தான். ஒற்றை வால்வுச் சுற்றில் நேர்மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிச் சுருளில் ஓயாமல் பாய்வதால், இரும்பு மையம் காந்தத்தால் நிறைந்து திணறாதிருக்க, அதில் காகிதக் கனத்துக்கு ஓர் இடைவெளி விடப்படுகிறது. மையம் சிறுத்துவிட்டாலோ, எந்த முத்திரை வால்வைச் செருகினாலும், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் தாழ்ந்த ஒலியான கும்கி கரைந்துபோகும்.

ஒற்றை வால்வே தூய ஒலி தரும் என்பதும் சரியன்று. அது இரண்டாம் சீரிசையை, அதாவது மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண்ணை, கூட்டுகிறது. ஷட்ஜத்தோடு மேல் ஷட்ஜம் மெல்லச் சேர்வது போன்றதாகையால் காது அதைக் குறையாக உணர்வதில்லை. இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்-புல் அமைப்பில் அந்தச் சீரிசையும் மையத்தின் நேர்மின் காந்தமும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன.

வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளீட்டுக்குத் திருப்பும் எதிர்ப்பின்னூட்டம் இசையின் உயிரைக் கொல்லும் என்று அஞ்சுவோர் பலர். 1927-இல் பொறியாளர் ஹரால்ட் பிளாக் கண்டறிந்த இந்த முறையை, 1947-இல் பொறியாளர் வில்லியம்சன் தம் ஆம்ப்ளிஃபையரில் 20 டெசிபெல் அளவுக்குக் கையாண்டார். திரிபு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் தரம் குறைந்ததாக இருந்தால் பின்னூட்டமே அலைவாக மாறி ஊளையிடும் என்பதே மெய்யான அபாயம்.

வாட் இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும் என்ற எண்ணமும் தவறு. கூடுவது 3 டெசிபெல்தான். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் 5 வாட்டில் 97 டெசிபெல் தரும். பெங்களூர் ஈஜிபுராவின் சுவரொட்டிய சிறு வீடுகளில் அது அடுத்த வீட்டாருக்கும் கேட்கும்.