தம்பியின் சூதாட்டத்துக்கு மாத்திரை காரணமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். பழைய மாத்திரையில் உடம்பு பெருத்துப்போனதால் போன வருடம் அரிபிப்ரசோல் மாற்றிக் கொடுத்தார்கள். காதில் கேட்ட குரல்கள் நின்றன, வேலைக்கும் போனான். ஆனால் சில மாதங்களாக ராத்திரி முழுக்க செல்போனில் பணம் வைத்து ஆடுகிறான். அம்மாவின் வளையலை அடகு வைத்துவிட்டான். முன்பு சீட்டுக்கட்டைத் தொட்டவனே இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. திடீரென்று விட்டால் நின்ற குரல்கள் திரும்ப வரலாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது.

மனச்சிதைவுக்கான பெரும்பாலான மருந்துகள் மூளையில் டோபமைனின் வேலையைத் தடுக்கின்றன. அரிபிப்ரசோல் ஓரளவு தடுக்கும், ஓரளவு தூண்டவும் செய்யும். ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று மனதை இழுப்பதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் டோபமைன் போலவே வேலை செய்வது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலரும் இப்படிச் சூதாட்டத்தில் விழுந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 மே மாதம் அரிபிப்ரசோல் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இந்த மருந்து சாப்பிட்ட பிறகு அடக்க முடியாத உந்துதல் வந்ததாக 13 ஆண்டுகளில் அதற்குத் தெரியவந்த 184 பேரில் 164 பேருக்குச் சூதாட்ட வெறி. பெரும்பாலானோருக்கு முன்பு அந்தப் பழக்கமே கிடையாது. மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் வெறி அடங்கியது. கணக்கற்ற பேர் சாப்பிடும் மருந்து இது, ஆகவே அரிதான விளைவுதான். வந்த வீட்டுக்கு அரிது என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

ஒரு வேலை செய்யுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் தம்பியின் வங்கிக் கணக்கு விவரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாத்திரை தொடங்கிய பிறகோ, அளவு கூட்டிய பிறகோ பணம் போக ஆரம்பித்திருந்தால் அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். மாத்திரைதான் காரணம் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். தனிமையும் கடனும்கூட ஒருவரை இதில் தள்ளும். மருந்தை மாற்றியும் ஆட்டம் தொடர்ந்தால் அதற்கென்று தனியாக ஆலோசனை தேவைப்படும்.

அதுவரை, அவன் சம்மதத்தோடு, ஏடிஎம் அட்டையும் பணம் அனுப்பும் செயலியும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். “குடும்பத்தைக் கெடுக்கிறாய்” என்று திட்டாதீர்கள். வெட்கப்பட்டு மறைத்தால் கடன்தான் ஏறும். நோயாளிகள் தாங்களாக இதைச் சொல்வதில்லை. மருத்துவர்களாகிய நாங்களும் தூக்கம், பசி பற்றிக் கேட்கும் அளவுக்கு இதைக் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் தம்பியோடு நீங்களும் உள்ளே போங்கள். அவன் சொல்லத் தயங்கினால், நீங்கள் சொல்லுங்கள்.