எல்ல வகுப்பறையில் ஜேன் ஒஸ்டின்

எல்ல, பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் தரம் 10, 11 பிள்ளைகளோடு ஜேன் ஒஸ்டினைப் படிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் முதல் யோசனை: ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ பிறகு வரட்டும், ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை எடுங்கள். தகப்பன் இறந்ததும் வீடு மூத்த தாரத்து மகன் கைக்குப் போக, தாயும் மூன்று மகள்மாரும் வெளியேறும் கதை. தலைமுறை தலைமுறையாக இருந்த லயத்துக்குக் காணி உறுதி இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கவலையை விளக்கத் தேவையில்லை.

முதல் பாடத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். மேலே இங்கிலாந்து, கீழே ஊவா. 1775இல் ஒஸ்டின் பிறந்தார். 1811இல் இந்த நாவல் ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் போட்டு வெளிவந்தது. 1815 மார்ச்சில் கண்டி ஒப்பந்தத்தோடு ஊவா வெள்ளைக்காரர் வசமானது. அதே வருடம் டிசம்பரில் ‘எம்மா’ வந்தது. 1817 ஜூலையில் 41 வயதில் அவர் இறந்தார். அந்த வருடமே ஊவாக் கிளர்ச்சி வெடித்தது. வரலாற்றுப் பாடத்தில் தனியாகப் படித்தது இங்கே ஒன்றாகச் சேர்ந்துவிடும். அவருடைய தம்பி சார்ள்ஸ், கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாவில் இறந்து திருகோணமலையில்தான் அடக்கம் செய்யப்பட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு கேள்வி: இந்த நாவலில் வருகிறவர்கள் குடித்தது எந்த ஊர்த் தேயிலை? நம் பிள்ளைகள் ‘நம்ம தேயிலை’ என்றுதான் சொல்வார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல், ஒஸ்டின் இறந்து ஐம்பது வருடம் கழித்து. அவர் குடித்தது சீனத் தேயிலை. விலை கூடிய பொருள், பூட்டி வைப்பார்கள். அதில் போட்ட சீனியோ கரீபியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. அந்த வரவேற்பறைகளின் பணம் எங்கிருந்து வந்தது என்ற பேச்சை இதிலிருந்தே தொடங்கலாம்.

இனி இரண்டாம் அத்தியாயம். வேறெதற்கும் நேரமில்லாவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். சாகும் தகப்பனுக்கு, தங்கைமாரைப் பார்த்துக்கொள்வேன் என்று அந்த மூத்த தாரத்து மகன் ஜோன் வாக்குக் கொடுத்திருக்கிறான். மனைவி ஃபேனி பேசுகிறாள். கதைச் சுருக்கத்தை முதலில் தமிழில் சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளை எழுப்பி ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பிள்ளை பலகையில் தொகையை எழுதட்டும். 3000 பவுண் தருவதாக நினைத்தவன் 1500க்கு இறங்குகிறான். பிறகு தாய்க்கு வருடம் 100. அதுவும் வேண்டாம், எப்போதாவது 50. கடைசியில் வீடு மாற ஒத்தாசையும், பருவத்துக்கு மீனும் வேட்டை இறைச்சியும். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஃபேனி சொன்ன காரணத்தை எழுதுங்கள்: நம் மகனின் பங்கு குறையும், வருடாந்தப் பணம் வாங்குகிறவர்கள் சீக்கிரம் சாகமாட்டார்கள், குதிரையும் வண்டியும் இல்லாத நான்கு பெண்களுக்கு என்ன செலவு? அந்த நால்வருக்கும் சேர்த்து வருடம் 500, இவனுக்குப் புதிதாக வந்திருப்பது வருடம் 4000. இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் குழப்பாமல் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், போதும். பிறகு கேளுங்கள்: இதில் யாராவது ஒரு கெட்ட வார்த்தை பேசினார்களா? ஜோன் தன்னைக் கெட்டவன் என்று நினைக்கிறானா? ஒஸ்டினின் கூர்மை முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கடிதப் பயிற்சி ஒன்று. அன்று தபால் காசைப் பெறுகிறவர்தான் கட்டவேண்டும்; தாள் கூடினால் காசும் கூடும். அதனால் பக்கத்தை எழுதி முடித்ததும் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே தொடர்வார்கள். கொப்பித் தாள் ஒன்றில் மூத்தவள் எலினோர் எழுதுவதாக அப்படி எழுதச் சொல்லுங்கள்.

ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) இதே நாவலைத் தழுவியது. வாசிப்பு முடிந்த பிறகே காட்டுங்கள். முந்திக் காட்டினால் புத்தகத்தில் படத்தைத்தான் தேடுவார்கள். காரைக்குடி வீட்டை அந்தக் குடும்பம் எப்படி இழக்கிறது, நாவலில் எப்படி என்று ஒப்பிடுவதே அன்றைய வேலை.

கடைசி ஒப்படை: கொடுத்த வாக்கு கொஞ்சங் கொஞ்சமாகச் சுருங்கும் ஒரு காட்சி, உரையாடலாகவே ஒரு பக்கம். தோட்ட ஆபீசிலோ கல்யாணப் பேச்சிலோ நடக்கலாம். தமிழில் எழுதி, பிறகு முடிந்தவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். திருத்தும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: எந்தப் பாத்திரமாவது தன் சுயநலத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டால், அந்த வரியை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.