குழந்தைக்குப் பெயர் வைப்பது யார்?

 

நம்முடைய வீடுகளில் ஒரு குழந்தை பிறந்தால் சந்தோஷத்துடன் கூடவே ஒரு வழக்கும் பிறந்துவிடுகிறது. பாட்டனார் தம் தகப்பனாரின் பெயரை வைக்க வேண்டுமென்பார். பெண் வீட்டார் வேறொன்று சொல்வார்கள். ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு பெயரைச் சொல்லி, "இதைத் தவிர வேறு வைக்கக் கூடாது" என்பார். கடைக்கு வரும் சிநேகிதர் எங்கோ கேட்ட புதுப் பெயரொன்றைப் புகழ்வார். கம்போங் மேடானிலும் பழைய கிள்ளான் சாலையிலும் வியாபாரம் செய்யும் நமக்கு இது புதிதல்ல. அகீகா விருந்தில் முகங்கொடுத்துப் பேசாத சம்பந்திகளையும் பார்த்திருக்கிறோம். ஆகவே, இம்மாதப் பாடமாக இந்த விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

1. பெயரின் பெறுமதி

மறுமையில் நாம் நம் பெயராலும் நம் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவோம். ஆதலால் பெயர்களை அழகாக வைக்க வேண்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூதில் வந்திருக்கிறது. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்னும் பெயர்கள் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானவை என்பது முஸ்லிம் கிரந்தத்திலுள்ள ஹதீஸ்.

கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுமுன் பத்துப் பேரிடம் கேட்கிறோம். பலகை பிடிக்காவிட்டால் கழற்றி வேறு மாட்டலாம். பிள்ளையின் பெயரோ பள்ளிக்கூடம், பாங்கு, நிக்காஹ், ஜனாஸா வரைக்கும் கூடவே வருவது. அதற்கு எவ்வளவு யோசனை தேவை!

2. யாருக்கு என்ன இடம்?

குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொத்து ஆலோசித்துச் செய்வதைத் திருக்குர்ஆன் (2:233) எடுத்துச் சொல்கிறது. பால் மறக்கடிக்கவே ஆலோசனை என்றால், ஆயுள் முழுதும் நிற்கும் பெயருக்கு அது வேண்டாமா?

தாய்க்கு இதில் இடமுண்டு. "இவளுக்கு மர்யம் என்று பெயரிட்டேன்" என்று இம்ரானின் மனைவியார் கூறியதை ஆல இம்ரான் அத்தியாயத்தில் (3:36) ஓதுகிறோம். பாட்டனாருக்கும் இடமுண்டு. அலீ (ரலி) அவர்கள் தம் மூத்த மகனுக்கு 'ஹர்ப்', அதாவது 'யுத்தம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, என்ன பெயர் வைத்தீர்கள் என்று விசாரித்து, 'ஹஸன்' என்று மாற்றினார்கள் என முஸ்னது அஹ்மதில் காண்கிறோம். ஸாலிஹான பெரியவர்களுக்கும் இடமுண்டு. அபூதல்ஹா (ரலி) அவர்களின் குழந்தையை நாயகத்திடம் எடுத்துச் சென்றபோது, பேரீச்சம்பழத்தை மென்று அதன் வாயில் தடவி, அப்துல்லாஹ் என்று அவர்களே பெயர் சூட்டினார்கள்.

ஆனால் கருத்து வேற்றுமை வந்தால் முடிவு யாருடையது? தாயும் தந்தையும் ஒத்துப்போகாவிட்டால் பெயரிடும் உரிமை தந்தையுடையது என்று ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம் எழுதியிருக்கிறார். யோசனை சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. முடிவு செய்யும் பொறுப்பு பெற்றோருடையது. இந்த வரம்பு தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

3. மூத்தோர் பெயர்

தமிழில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்தது. மூத்தோர் பெயரை வைப்பது மார்க்கத்துக்கும் அந்நியமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பிறந்த மகனுக்குத் தம் முன்னோரான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரையே வைத்தார்கள். ஆகவே, பாட்டனார் பெயர் 'பழைய பெயர்' என்று முகஞ்சுளிக்கும் இளைஞர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

பெரியவர்களும் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். ஸயீது இப்னுல் முஸய்யப் அவர்களின் பாட்டனார் பெயர் 'ஹஸ்ன்'. கரடுமுரடான நிலம் என்று பொருள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை 'ஸஹ்ல்' (சமமான, மென்மையான நிலம்) என்று மாற்ற விரும்பினார்கள். அவரோ, என் தகப்பனார் வைத்த பெயரை நான் மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதன்பின் அந்தக் கடினத்தன்மை எங்கள் குடும்பத்தில் நீங்காமலே இருந்தது என்று பேரர் ஸயீது அவர்கள் வருந்திச் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. தகப்பனார் மீதுள்ள பிரியம் நல்லதே. ஆனால் பொருள் நல்லதா என்று பார்க்காத பிரியம், பேரன் காலம்வரை சுமையாகிவிடுகிறது.

எல்லோரையும் திருப்திப்படுத்த நான்கு பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பாரும் உண்டு. அந்தப் பிள்ளையை எந்த வீட்டிலும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை!

4. எழுத்தில் கவனம்

பிறமொழி எழுத்தில் எழுதும்போது அரபுப் பெயரின் பொருள் மாறிப்போவதுண்டு. 'அலீம்' என்று நாம் எழுதுகிறோம். ஐன் எழுத்தில் தொடங்கினால் 'நன்கறிந்தவன்'. அலிஃபில் தொடங்கினால் 'நோவு தருவது'. 'கலீல்' என்பது ஃகே எழுத்தில் 'உற்ற நண்பர்'. காஃப் எழுத்தில் 'கொஞ்சம்'. 'ஸாலிம்' என்றால் 'பத்திரமானவர்'. அதையே ளோ எழுத்தில் எழுதினால் 'அக்கிரமக்காரர்'. நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியபோது இந்த வேறுபாடுகள் காப்பாற்றப்பட்டன. ஆகையால் பெயரை முதலில் அரபு எழுத்தில் எழுதி ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள்; பிறகு தமிழிலும் ரூமியிலும் எழுதுங்கள். திருமறையில் வரும் சொல் என்பதற்காக மட்டும் எதையும் பெயராக்கிவிடாதீர்கள்.

'அப்துல் காதர்' என்பதில் 'அப்துல்' தனிப் பெயரல்ல. 'ஆற்றலுள்ளவனின் அடியார்' என்பது முழுப் பொருள். அதைப் பாதியாக வெட்டி 'அப்துல்' என்றால் யாருடைய அடியார் என்பதே தெரியாமற் போகிறது. 'அப்துர் ரஹ்மானை' வெறும் 'ரஹ்மான்' என்றழைப்பது அதைவிடத் தவறு. அந்தத் திருநாமம் அல்லாஹ்வுக்கே உரியது.

2020 முதல் 2021 வரை பிரதமராயிருந்தவரின் 'முஹ்யித்தீன்' என்னும் பெயரும், நம் கடைத்தெருவில் கேட்கும் 'மைதீன்', 'மொய்தீன்', 'முகைதீன்' என்பனவும் ஒரே அரபுப் பெயர்தான். காதுக்கு ஒன்றானாலும் காகிதத்தில் வெவ்வேறு. தகப்பனார் பெயர் ஊர்ப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், இங்குள்ள அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், மகனின் பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தால், நாளை பாகப்பிரிவினையின்போது 'இவர் அவர்தான்' என்று நிரூபிக்க அலைய வேண்டியவன் அந்த மகனே.

5. செய்ய வேண்டிய முறை

தீபகற்ப மலேசியாவில் பிறந்த குழந்தையை 60 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பிறந்த அன்றும் பெயரிடலாம். ஏழாம் நாள் அகீகாவிலும் இடலாம். எனவே அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பிரசவத்துக்கு முன்னமே ஆண் பெயர் இரண்டு, பெண் பெயர் இரண்டு எழுதி வைத்து, இரு வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். பதிவுத் தாளில் கையெழுத்திடுமுன், தகப்பனார் பெயரை அவரது அடையாள அட்டையுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கணக்குப் புத்தகத்தில் காசு விடாமல் பார்க்கும் நமக்கு இது பெரிய வேலையா?

ஒரு பெரியவர் சொன்ன பெயரை வைக்க முடியாவிட்டால், அதை அவர் பிறர் வாயால் கேட்கவிடாதீர்கள். நேரில் போய்க் காரணத்தைச் சொல்லுங்கள். தேர்ந்த பெயரைச் சொல்லிக் குழந்தையை முதன்முதல் அழைக்கும் பாக்கியத்தை அவருக்கே கொடுங்கள். தம் பெயர் நிலைக்கவில்லையே என்ற குறை, அந்த ஒரு கூப்பிடுதலில் கரைந்துவிடும்.

சிந்திக்க:

உங்கள் பெயரின் பொருளை நீங்கள் அறிவீர்களா? அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

உங்கள் வீட்டாரின் பெயர்கள் எல்லாத் தஸ்தாவேஜுகளிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா?

நம் மக்களுக்கு அழகிய பெயர்களையும், அப்பெயர்களுக்கேற்ற குணங்களையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.