துருப்பு எப்போது துருப்பாகிறது?



சீட்டாட்டத்துக்கும் நம் மன்ற இதழுக்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. ஒரு விதி எந்த நொடியிலிருந்து செல்லும் என்ற கேள்வியைப் பற்றியே எழுத வந்தேன். அக்கேள்விக்கு விடை தெரியாமல் நான் ஒரு நல்ல மனிதரின் மனத்தை நோகச் செய்தேன்.

என் ஊர் சித்திரபுரம். மூணாற்றுக்கு அருகே, பள்ளிவாசல் மலைப்பகுதியில் உள்ளது. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய வட்டாரம் அது. தேயிலைத் தோட்ட வேலைக்காக மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. மாலையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் ‘இருபத்தெட்டு’ தொடங்கிவிடும். கேரளத்தில் பலரும் அறிந்த ஆட்டம் இது.

ஆடுவோர் நால்வர். எதிரெதிரே அமர்ந்தவர் ஒரு கட்சி. ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏசுக்கு 1, பத்துக்கு 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு ஆகியவற்றுக்குப் புள்ளி இல்லை. வலிமையில் அவை இதே வரிசையில் பின்னால் நிற்கும். ஓர் இனத்துக்கு 7 புள்ளி. நான்கு இனங்களுக்கு 28. பெயர் வந்த காரணம் இதுவே.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதைப் பார்த்து ஏலம் கேட்பார்கள். மிகுதியாகக் கேட்டவர் தம் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனமே துருப்பு. பிறகு மேலும் நான்கு சீட்டு வரும். இறக்கிய இனம் கையில் இல்லாதவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏதேனும் ஒரு சீட்டைக் கழிக்கலாம். அல்லது துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டலாம். திறக்கும் வரை துருப்புக்குத் தனி ஆற்றல் இல்லை.

இதுவரை எல்லாம் தெளிவு. ஆனால், ஒரு சுற்றின் நடுவே துருப்பு திறக்கப்பட்டால் என்ன செய்வது?

சென்ற விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவும் நானும் ஒரு கட்சி. சித்தப்பாவும் பக்கத்து வீட்டுச் சேட்டனும் எதிர்க்கட்சி. அப்பா 16 கேட்டுத் துருப்பைக் கவிழ்த்திருந்தார். சேட்டன் கிளாவர் ஏசை இறக்கினார். என்னிடம் கிளாவர் இல்லை. ஆட்டின் ராஜாவைக் கழித்தேன். சித்தப்பாவிடமும் கிளாவர் இல்லை. துருப்பைத் திறக்கச் சொன்னார். ஆட்டின்! அவர் ஆட்டின் ஏழால் வெட்டினார். அப்பாவிடம் இருந்த ஒரே கிளாவர் ஜாக்கி, அது விழுந்தது. சுற்றில் 4 புள்ளி.

“ராஜா ஏழைவிடப் பெரியது; சுற்று எங்களுக்கே!” என்றேன் நான். “தம்பி, நீ போட்டபோது அது துருப்பா?” என்று கேட்டார் சேட்டன். அந்த நான்கும் சேர்ந்தால் எங்களுக்கு 17, சேராவிட்டால் 13. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். ஆத்திரத்தில், “கள்ளாட்டம்!” என்று கத்திவிட்டேன். சேட்டன் ஒன்றும் பேசவில்லை. சீட்டைக் கீழே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கல்லூரி விண்ணப்பத்தை மலையாளத்தில் நிரப்பிக் கொடுத்த கை, அவருடைய கை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் ராஜாவைப் போட்டபோது துருப்பைத் திறக்கச் சொல்லும் உரிமை எனக்கும் இருந்தது. நான் அதைப் பயன்படுத்தவில்லை. நான் வெட்டவில்லை, கழித்தேன். பிறகு வந்த வெளிச்சத்தைக் காட்டி, கழித்ததையே வெட்டு என்று சொல்வது முறையா? அப்படி ஒரு விதி இருந்தால், துணிந்து திறந்தவனுக்குக் கிடைக்க வேண்டிய பயன், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தவனுக்குப் போய்ச் சேரும். ஒரு செயலின் தன்மையை அது நிகழ்ந்த நொடியே தீர்மானிக்க வேண்டும்.

இக்கேள்வியை உலகம் வேறிடத்திலும் எதிர்கொண்டது. ரிச்சர்ட் கார்பீல்டு என்ற கணித அறிஞர் அமைத்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற சேகரிப்புச் சீட்டாட்டம் 1993-இல் வெளிவந்தது. அதில் ஒருவர் சீட்டு பலிக்கும் முன்னரே மற்றவர் மறுசீட்டு இறக்கலாம். எது முதலில் பலிக்கும்? 1999-இல் அதற்கு ‘அடுக்கு’ என்ற விதியை வகுத்தார்கள். விடுதியில் தட்டுகளை அடுக்குகிறோம். கடைசியாக வைத்த தட்டையே முதலில் எடுக்கிறோம். அதுபோலக் கடைசியாக இறங்கியது முதலில் பலிக்கும்.

வலிமை 2 உள்ள கரடி ஒன்று என்னிடம் இருப்பதாகக் கொள்வோம். 3 அளவு சேதம் விளைக்கும் மின்னலை எதிரி ஏவுகிறார். மறுமொழியாக, வலிமையில் 3 கூட்டும் சீட்டை நான் இறக்குகிறேன். என்னுடையது முதலில் பலிக்கிறது. கரடி 5 ஆகி, மின்னலைத் தாங்கிப் பிழைக்கிறது. மாறாக, நான் முதலில் கூட்ட முயன்று, அதற்கு மறுமொழியாக மின்னல் வந்தால், மின்னலே முதலில் பலிக்கும், கரடி இறந்துபோகும். சீட்டுகள் அவையே, வரிசை மாறியது, முடிவும் மாறியது.

ஆகவே எந்த ஆட்டத்திலும் மூன்று கேள்விகள் உண்டு. விதி எப்போது தொடங்குகிறது? முன் நடந்ததையும் அது தொடுமா? இரண்டு ஒன்றாக வந்தால் எது முதலில்? இவற்றை ஊருக்கு ஊர் வேறாகக் கொள்ளலாம், தவறில்லை. ஆனால் சீட்டைக் கலைக்கும் முன்பே பேசி முடிவு செய்யவேண்டும். பல ஊரார் கூடி வாழும் விடுதியில் இது இன்னும் தேவை. நம் விதியை அறியாதவன் கள்ளன் அல்லன்.

மறுநாள் காலை சேட்டன் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே, “சாயா குடிக்கிறாயா?” என்று கேட்டார். குடித்தேன், மன்னிப்பும் கேட்டேன். அன்று மாலை குணுக்கு என் காதில் தொங்கியது. அது நியாயமே அன்றோ?