நோயாளி வீட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, பங்கில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். இருபது வருடமாக இதற்காக அலைந்தவன் சொல்கிறேன்.

1. சாமியாரை நேரத்தோடு கூப்பிடச் சொல்லுங்கள். "சாமியாரைப் பார்த்தா அப்பா பயந்துருவாரு" என்பார்கள். எல்லாம் 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழைய பெயர் செய்த வேலை. அதை நோயில்பூசுதல் என்பதே பொருத்தம், சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. நோய் முற்றினால் மறுபடியும் பூசலாம். நினைவு இருக்கும்போது வந்தால்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் படும்போது 'ஆமென்' என்று அவரே சொல்லலாம்.

2. வேளாங்கண்ணி எண்ணெயைத் தடவிவிடுங்கள், தப்பில்லை. ஆனால் அது அருட்சாதனம் ஆகாது. பூசுதல் கொடுக்கக் குருவானவர்தான் வரவேண்டும்.

3. சாகப்போகிறவருக்குக் கடைசியாகக் கிடைக்க வேண்டியது எண்ணெய் அல்ல, நற்கருணை. வழியுணவு என்பது அதைத்தான். கெட்டியாக எதுவும் இறங்காதவருக்குத் திருஇரத்தம் ஒரு துளி கொடுக்க வழி உண்டு. சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. அவர் முனகுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு பெரியவர் "கிணறு, கிணறு" என்றுகொண்டே இருந்தார். தாகம் என்று நினைத்து வீட்டார் கரண்டியால் தண்ணீர் விட்டார்கள், வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கூட்டுக் கிணற்றுத் தகராறில் தம்பியோடு பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. ஆள் அனுப்பினோம். தம்பி வந்தார். இருவரும் கிணற்றைப் பற்றிப் பேசவே இல்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு, "சாப்பிட்டியாண்ணே?" என்றார். சாமியாரை வரச்சொல்லுங்கள் என்று அதற்குப் பிறகுதான் பெரியவரே கேட்டார்.

5. வயதானவர்களுக்குப் புது ஜெபம் வாயில் வராது. அருள்நிறைந்த மரியே ஜெபத்தின் பழைய வடிவமான பிரியதத்த மந்திரம்தான் வரும். நீங்களும் படித்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், பாட்டுக் குழுவைக் கூட்டிப் போகாதீர்கள்.

6. நினைவு தப்பியவருக்குக் காது கேட்கும் என்று நினைத்தே பேசுங்கள். அடக்கச் செலவு, நிலப்பத்திரம் எல்லாம் திண்ணையில் வைத்துக்கொள்ளட்டும்.

7. ஜெபமாலையோடு கொஞ்சம் பஞ்சும் எடுத்துப் போங்கள். உதடு காய்ந்திருக்கும். நனைத்து ஒற்றிவிடுங்கள், பிழியாதீர்கள், புரையேறிவிடும்.